ஒரு நாளைக்கு எழுபது அனுமதி

"வேதநாயகியை அனுப்பக் கூடாது, சாமி" என்றார் தம்பிரான்.

குரு சந்நிதானம் நிமிர்ந்து பார்த்தார்.

நெல்லிவனம் மடத்தில் குருவின் முன்னால் 'கூடாது' என்று யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. 'உத்தரவு' என்றுதான் தொடங்குவார்கள். குளிக்கப் போக உத்தரவு. ஊருக்குப் போக உத்தரவு. கிணற்று மோட்டாரை மாற்ற உத்தரவு. காலையில் காரியஸ்தர் ஒரு பட்டியலே வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் குரு 'ஆகட்டும்' என்பார்.

அந்தச் சொல் விழுந்துவிட்டால் விழுந்ததுதான். இவருக்கு முன் பதினேழு குருமார்கள் இருந்திருக்கிறார்கள். சொன்னதை ஒருவரும் திரும்பப் பெற்றதில்லை. ஆறாமவர் ஒருமுறை பெற்றார் என்று செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. அது பக்கத்து மடத்துக் கதை என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு. பக்கத்து மடத்திலும் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் முடிவு வேறு.

பதினெட்டாமவரான இந்தக் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. எதிரில் நின்ற சீடர் சோமசுந்தரத் தம்பிரானுக்கு ஐம்பத்தாறு. காவி கட்டுவதற்கு முன் சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணினிப் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர். எல்லாவற்றையும் துறந்து இங்கே வந்தார். வந்த மறுவாரம், மடத்து இலவச மருத்துவமனையின் பதினொரு கணினிகளை அவர் தலையில் கட்டினார்கள்.

"யாரு வேதநாயகி?"

"ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர்ல பதியற அம்மா. அவங்களை வேலையை விட்டு எடுக்கணும்ங்கறார் காரியஸ்தர்."

"என்ன பண்ணாங்க?"

"ஆம்னு அழுத்தினாங்க."

குரு காத்திருந்தார்.

"போன வியாழக்கிழமை ஒரு மெயில் வந்தது, சாமி. மருந்து விலைப்பட்டியல்னு பேரு. திறந்தாங்க. 'இந்தப் புரோகிராம் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய இருக்கிறது. அனுமதிக்கிறீர்களா?'ன்னு கேட்டுது. ஆம்னு அழுத்திட்டாங்க."

"அப்புறம்?"

"வலிப்புக்கு மருந்து வாங்கற ஆயிரத்து நூறு பிள்ளைங்க. யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், யாருக்கு எது ஒத்துக்காது, எல்லாம் அதுக்குள்ளதான். மொத்தமும் பூட்டிக்கிச்சு. சாவி வெச்சிருக்கறவன் எந்த நாட்டுல இருக்கான்னே தெரியாது."

"நகல்?"

"இருந்தது. அதையும் அதே வயர்லதான் மாட்டியிருந்தேன். அதுவும் சேர்ந்து பூட்டிக்கிச்சு."

"பிள்ளைங்க?"

தம்பிரான் தரையைப் பார்த்தார்.

"நேத்து ஒரு குழந்தைக்கு ஒத்துக்காத மாத்திரையைக் கொடுத்துட்டாங்க. டவுன் ஆஸ்பத்திரியில கிடக்குது. இன்னும் கண்ணு திறக்கலை."

சமையல்காரர் வாசலில் வந்து நின்றார்.

"உத்தரவு, சாமி. பூசணி அழுகிப்போச்சு. மதியத்துக்குச் சுரைக்காய் போட்டுடலாங்களா?"

"ஆகட்டும்."

சமையல்காரர் போனார்.

"அந்தக் கேள்வியை மெஷின் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேக்கும்?" என்றார் குரு.

"அறுபது. வெயில் காலத்துல கூட்டம் ஜாஸ்தி, எழுபது கூட ஆகும்."

"அத்தனையிலயும் 'இல்லை'ன்னு சொல்ல வேண்டியது எத்தனை?"

தம்பிரான் யோசித்தார். நேர்மையானவர்; அதனால் நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லை, சாமி. பிரிண்டர் கேக்கும். ஸ்கேன் மெஷின் கேக்கும். எல்லாம் நம்ம வீட்டு ஆளுங்கதான்."

"வருஷத்துக்கு?"

"வருஷத்துக்கும் ஒண்ணும் இல்லை. வியாழக்கிழமை வந்தது ஒண்ணுதான்."

"சரி, பயந்துபோய் ஒருத்தர் 'இல்லை'ன்னு அழுத்தினா?"

"வேலை நின்னுடும். நான் வந்து கடவுச்சொல் போட்டாத்தான் ஓடும். அதுவரைக்கும் வெளியே பிள்ளைங்களைத் தூக்கிட்டு வரிசையில நிப்பாங்க."

"அந்தம்மா எப்பவாவது உங்களைக் கூப்பிட்டிருக்காங்களா?"

"முதல் மாசம் பூரா கூப்பிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தம்பிரான் மேல்துண்டை இழுத்துச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"'ஆம்னு அழுத்துங்கம்மா. இதுக்கெல்லாம் பூசையில இருக்கறவனைக் கூப்பிடுவீங்களா'ன்னேன்."

யானைப்பாகன் எட்டிப் பார்த்தார். யானையை ஆற்றுக்கு ஓட்டிப்போக உத்தரவு கேட்டார்.

"ஆகட்டும்" என்ற குரு, தம்பிரானிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தக் கேள்வியையே எடுத்துட்டா என்ன?"

"முன்னாடி அப்படித்தான் இருந்தது, சாமி. எதையும் கேக்காது. எல்லாருக்கும் சௌகரியம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால எவனோ ஒருத்தன் சத்தமில்லாம உள்ள புகுந்து, பிள்ளைங்க பேரையும் விலாசத்தையும் அள்ளிட்டுப் போனான். வலிப்பு இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சு ஒரு பொண்ணோட கல்யாணம் நின்னுபோச்சு. அதுக்கப்புறம்தான் எல்லாத்தையும் கேக்கற மாதிரி வெச்சேன்."

"அப்ப, கேட்டாலும் திருடன் வரான். கேக்காட்டியும் வரான்."

"ஆமா, சாமி."

"நடுவுல ஒரு அளவு இருக்கணுமே."

"அபூர்வமாக் கேட்டா ஜனங்க கவனிப்பாங்க. ஆனா எது அபூர்வம்னு மெஷினுக்குத் தெரியணும். தெரிஞ்சா நம்மளை ஏன் கேக்குது? அந்த அளவை இருபத்தாறு வருஷம் தேடினேன். கிடைக்கலை. கிடைச்சிருந்தா இங்க வந்திருக்க மாட்டேன்."

துறவுக்குக் காரணங்கள் பல உண்டு. இப்படி ஒரு காரணம் எந்தப் பட்டியலிலும் இருந்ததாகத் தெரியவில்லை. குரு சிரிக்கவில்லை.

"வேலை போனா அந்தம்மா எங்க போவாங்க?"

"போக இடமில்லை. மடத்துக் குடியிருப்புலதான் இருக்காங்க, அதையும் காலி பண்ணணும். புருஷன் இல்லை. அவங்க பொண்ணுக்கும் வலிப்பு. அந்த ஆயிரத்து நூறுல அவளும் ஒருத்தி."

"பொண்ணோட விவரம்?"

"அதுவும்தான் போச்சு."

பிறகு குரு பேசினார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல, அன்று பேசினார்.

"ஒருத்தர் நம்ம கதவை அறுபத்தொன்பது தடவை தட்டறார். எல்லாத் தடவையும் சொந்தக்காரர். திறக்கலைன்னா நாமளே அந்தம்மாவைத் திட்டறோம். எழுபதாவது தடவை ஏன் திறந்தீங்கன்னு கேக்கறோம். அவங்க கையில 'இல்லை'ங்கற வார்த்தையை நாம கொடுக்கவே இல்லை, தம்பிரான். பட்டனை மட்டும் கொடுத்தோம்."

தம்பிரானுக்குக் கண் கலங்கியது. ஐந்து நாளாக அவரும் இதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவு நன்றாகச் சொல்ல வரவில்லை.

"காரியஸ்தர் வந்து கேக்கட்டும். அந்தம்மாவை அனுப்ப நான் உத்தரவு தரமாட்டேன்."

தம்பிரான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஐம்பத்தாறு வயதில் அது எளிதல்ல. எழுந்திருப்பது அதைவிடக் கடினம்.

அவர் எழுந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். ஒரு கையில் துணிப்பை. மறுகையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வயதுச் சிறுமி.

"வேதநாயகி" என்று தம்பிரான் மெதுவாகச் சொன்னார்.

குரு முகம் மலர்ந்தார்.

"வாங்கம்மா. உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்."

"விழுந்து கும்பிட்டுட்டுப் போகலாம்னு வந்தேன், சாமி. பத்தரை மணி பஸ்."

"எங்க போறீங்க?"

"தெரியலை, சாமி. வீட்டுச் சாவியைக் காரியஸ்தர் வாங்கிக்கிட்டார்."

"அவர் யாரு வாங்கறதுக்கு? உங்களைப் போகச் சொன்னது யாரு?"

அவள் தம்பிரானைப் பார்த்தாள். பிறகு குருவைப் பார்த்தாள். தன்னைச் சோதிக்கிறார்களோ என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"சந்நிதானம்தான்."

"நானா? எப்போ?"

"காலையில, சாமி. காரியஸ்தர் பட்டியல் வாசிக்கறப்போ நான் தூணோரமா நின்னுட்டிருந்தேன். பந்தலுக்கு மூங்கில் வாங்கறதுக்கு அடுத்தது என் பேரு."

மூங்கில் குருவுக்கு நினைவிருந்தது.

தம்பிரான் கண்களை மூடிக்கொண்டார்.

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?" என்றார் குரு.

அவள் குரலில் கோபம் இல்லை.

"எப்பவும் சொல்றதுதான், சாமி."