பின் அச்சுக் கம்பி

கோவையில் சின்னியம்பாளையம் தாண்டி இருக்கும் பூர்ணிமாவின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேடி வருகிறவர்களுக்கு இடம் தெரியும். காரில் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் வேலை மட்டும்தான் அங்கே நடக்கும். பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் வருவார்கள். மலைச்சாலையில் போய் வந்து இடுப்பு விட்டுப்போனவர்களும் வருவார்கள்.

கனகராஜ் அங்கே தொழில் கற்க வந்தபோது அவருக்கு ஐம்பது கடந்திருந்தது. பூர்ணிமா அவரைவிட வெகு இளையவர். பம்பு கம்பெனியின் சோதனைப் பிரிவில் காலமெல்லாம் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நேராகப் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"தண்ணி போறதைப் பார்த்தாச்சுங்க. இனி வண்டி போறதைப் பார்க்கணும்."

பூர்ணிமா ஒரு ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை அண்ணா என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

கனகராஜ் நல்ல மாணவர். சொன்னதை மறக்கமாட்டார். ஒரே ஒரு பழக்கம் கம்பெனியிலிருந்து கூடவே வந்துவிட்டது. அளக்க முடியாத எதையும் அவரால் நம்ப முடியாது. வண்டியை ஓட்டிப் பார்க்கும்போதும் போனில் ஒரு செயலியைப் போட்டு, எவ்வளவு சாய்கிறது, எவ்வளவு ஆடுகிறது என்று கோடு கோடாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனி மாதத்தில் டாக்டர் நஸீமா வந்தார். மேட்டுப்பாளையத்தில் வீடு, கோத்தகிரியில் சின்னதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. தினமும் காலையில் மேலே போய்ச் சாயங்காலம் கீழே இறங்குகிறவர். பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைப்ரிட் வண்டி. கோடை மழையில் ஒரு நாள் இறங்கி வரும்போது வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கி, ஓரச் சுவரை உரசுகிற மாதிரி போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வண்டியை எடுக்கவில்லை. பஸ்ஸில் போய் வந்தார். காலையில் நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். சாயங்காலம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

"மேலேயே தங்கிட முடியாதுங்களா டாக்டர்?" என்றார் கனகராஜ்.

"அத்தா படுத்த படுக்கையா இருக்கார் சார். ராத்திரி நான்தான் புரட்டிப் போடணும். வேற யார் தொட்டாலும் திட்டுவார்." அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது டாக்டர் லேசாகச் சிரித்தார். "வண்டி சரியாகலைன்னா ஆஸ்பத்திரியை விட்டுடலாம்னு இருக்கேன்."

பூர்ணிமா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான்கு மூலைகளிலும் கையை வைத்து அமுக்கிப் பார்த்தார். பிறகு கனகராஜிடம் திரும்பினார்.

"இது உங்க வண்டிண்ணா. நீங்களே பாருங்க."

முழு வேலையும் அவரை நம்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. கனகராஜுக்கு நெஞ்சு கொஞ்சம் விம்மியது. காட்டிக்கொள்ளவில்லை.

"வண்டி என்ன பண்ணுதுங்க?" என்று டாக்டரிடம் கேட்டார்.

"வளைவுல சாயுது. ஆடுது."

அது போதும் என்று அவருக்குத் தோன்றியது. பழைய ஷாக் அப்சார்பர்கள் தளர்ந்து போயிருந்தன. பின் சீட்டுக்கு அடியில் பேட்டரியின் கனம் வேறு. நான்கையும் கழற்றிவிட்டு, திருகை முறுக்கினால் இறுகும், தளர்த்தினால் இளகும் வகை ஷாக்குகளை மாட்டினார். அதோடு நிற்கவில்லை. வண்டி சாயாமல் இருக்கப் பின் அச்சுக்குக் குறுக்கே ஒரு தடித்த கம்பியைத் தானே வரைந்து, பீளமேட்டில் தெரிந்த லேத்துப் பட்டறையில் செய்து வாங்கி, போல்ட் போட்டு இறுக்கினார். கருப்புப் பெயிண்ட்டும் அடித்தார். யாரும் குனிந்து பார்க்காத இடம்தான். ஆனாலும் இரண்டு தடவை அடித்தார்.

காலி மைதானத்தில் கூம்புகளை நட்டு ஓட்டிப் பார்த்தார். வண்டி தண்டவாளத்தில் போகிற மாதிரி போயிற்று. போனில் கோடுகள் படுத்துக் கிடந்தன.

"பழசுல பாதிகூடச் சாயலீங்க மேடம்," என்று காட்டினார்.

பூர்ணிமா பார்த்தார். "நல்லாப் பண்ணியிருக்கீங்க. டாக்டரைத் தனியா மலையேற விடாதீங்க. நீங்க பக்கத்துல உட்கார்ந்து, கீழ ரோட்டுல ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க."

டாக்டர் ஓட்டிப் பார்த்தார். அடிவாரத்தில் முதல் சில வளைவுகள்தான். திரும்பி வந்து இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது.

"இல்லை சார். பயமா இருக்கு."

கனகராஜ் திருகை இன்னும் முறுக்கினார். மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். முன்னைவிட மோசம் என்றார் டாக்டர். இன்னும் முறுக்கினார். இந்தத் தடவை டாக்டர் பாதி வழியிலேயே நிறுத்தி, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"விடுங்க சார். நீங்க என்ன பண்ணுவீங்க. கோளாறு வண்டியில இல்லை. எனக்குத்தான்."

அதைக் கேட்டதும் கனகராஜுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவருக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் பட்டறைக்கு வந்ததும் அதையேதான் பூர்ணிமாவிடம் சொன்னார்.

"வண்டியில தப்பில்லீங்க மேடம். எல்லாத்தையும் அளந்துட்டேன். பயம் அவங்ககிட்ட இருக்கு."

"அதை எப்படி அளந்தீங்க?" என்றார் பூர்ணிமா.

கனகராஜ் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"நாளைக்கு மூணு பேரும் மேலே போலாம். திருகையெல்லாம் முதல்ல வச்ச இடத்துக்கே கொண்டு வந்துடுங்க. டாக்டர் மெதுவா ஓட்டட்டும், நான் முன்னால உட்கார்ந்துக்கறேன். நீங்க பின்னால."

"பின்னால உட்கார்ந்தா போனை எங்கே மாட்டறது மேடம்?"

"போனை வீட்டுல வச்சுட்டு வாங்க."

மறுநாள் வானம் மூடிக் கிடந்தது. முந்தின நாள் மழையில் சாலை இன்னும் காயவில்லை. டாக்டர் தயங்கித் தயங்கித்தான் வண்டியை எடுத்தார். பூர்ணிமா பக்கத்தில் இருந்ததால் எடுத்தார் என்று சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் தாண்டிப் பாக்குத் தோப்புகள் முடிந்து, ஏற்றம் ஆரம்பித்தது.

பின் சீட்டில் கனகராஜுக்குச் செய்ய ஒன்றுமில்லை. பார்க்கக் கோடுகள் இல்லை. டாக்டரின் பின்கழுத்துதான் தெரிந்தது. ஒவ்வொரு வளைவு வரும்போதும் அந்தக் கழுத்து தோள்களுக்குள் இறங்கியது. வளைவு முடிந்த பிறகும் சட்டென்று மேலே வரவில்லை. சாலையில் சின்ன வெடிப்பு வந்தால் பின்பக்கம் 'டக்'கென்று துள்ளியது. அந்தத் துள்ளல் முதுகெலும்பு வழியாக ஏறித் தலையில் முடிந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டியபோது இது அவருக்குத் தெரியவே இல்லை.

பூர்ணிமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்றுதான் கனகராஜ் நினைத்தார்.

"டாக்டர்," என்றார் பூர்ணிமா, கண்ணைத் திறக்காமலே. "அன்னிக்கு வழுக்கினப்ப, வழுக்கப் போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதே. வண்டி ரொம்பச் சாய்ஞ்சுது. வேகம் ஜாஸ்தின்னு உடம்புக்குப் புரிஞ்சுபோச்சு. கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் குறைச்சேன். சாய்ஞ்சது நிமிர்ந்து, அந்தப் பக்கம் ஒரு ஆட்டம், இந்தப் பக்கம் ஒரு ஆட்டம். அதுலதான் பின்பக்கம் போச்சு. முன்னாடியே குறைக்காம இருந்திருந்தா சுவரை இடிச்சிருப்பேன்."

"இப்ப?"

"இப்ப சாயவே மாட்டேங்குது. நான் எவ்வளவு வேகத்துல போறேன்னு எனக்கே தெரியல. எப்பப் போகும், எங்கே போகும்னு ஒரு தகவலும் இல்லை. கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கற மாதிரி இருக்கு."

வண்டி ஒரு வளைவைக் கடந்தது.

"இதை என்கிட்டச் சொல்லலீங்களே டாக்டர்," என்றார் கனகராஜ்.

"நீங்க வண்டி என்ன பண்ணுதுன்னுதானே கேட்டீங்க சார்," என்றார் டாக்டர். அதில் குறை சொல்லும் தொனி இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பெண்கள் காத்திருந்தார்கள். டாக்டர் இறங்கி ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணொருத்தி கனகராஜைப் பார்த்தாள். டாக்டரோடு வந்தவர் என்பதால் அவருக்குத் தெரியும் என்று நினைத்திருக்கலாம்.

"டாக்டரம்மா இனி வரமாட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. நெசங்களா?"

கனகராஜ் டாக்டர் போன வாசலைத் திரும்பிப் பார்த்தார். "வந்திருக்காங்கல்லம்மா," என்று மட்டும் சொன்னார். அவள் கேட்டது அதுவல்ல என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

பூர்ணிமா ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சமதரையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். டிக்கியிலிருந்து ஜாக்கியையும் ஸ்பேனர் பையையும் எடுத்துக் கீழே வைத்தார்.

கனகராஜ் பையைப் பார்த்தார். "என்னங்க மேடம் பண்ணணும்?"

"நீங்க சொல்லுங்கண்ணா."

அவர் குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி மடித்து, பானெட் மேல் வைத்தார். வண்டியைத் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, மல்லாந்து படுத்து அடியில் போனார். கம்பி மேலே தெரிந்தது. பெயிண்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. போல்ட்டுகளை அவரே இறுக்கியதால் எளிதில் வரவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது.

"அவங்க பழைய வண்டியில ரெண்டு இருந்துச்சுங்க," என்றார் அடியிலிருந்து. "சாயறது ஒண்ணு, ஆடறது ஒண்ணு. நான் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டேன்."

பூர்ணிமா 'உம்' கொட்டினார்.

"ஈரத்துல இந்தக் கம்பியோட சட்டுனு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா? இந்த வண்டியில மோட்டார் உடனே முன்சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தும். பின்னால பேட்டரிக் கனம்..." அவர் முடிக்கவில்லை. ஸ்பேனரும் ஓய்ந்தது.

"கம்பி இறுக்கத்துல பின்சக்கரம் பிடிப்பை விட்டுடும், பின்பக்கம் முந்தப் பார்க்கும்," என்றார் பூர்ணிமா. "அதான் நான் கூட வந்தேன்."

கடைசிப் போல்ட் கழன்றது. கம்பி அவர் மார்பில் வந்து இறங்கியது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தார். பிறகு வெளியே வந்து, அதைச் சாக்கில் சுற்றி டிக்கியில் வைத்தார். வண்டியை இறக்கி, ஷாக்குகளின் திருகைத் தளர்த்தினார். மூலையை அமுக்கினார். வண்டி இறங்கியது, எழுந்தது, நின்றது. மறுபடி அமுக்கினார். இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். எவ்வளவு என்று பூர்ணிமா சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

டாக்டர் வேலை முடிந்து வரும்போது மத்தியானம் தாண்டியிருந்தது. மெல்லிய தூறல் விழ ஆரம்பித்திருந்தது. கனகராஜ் தானாகவே பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

முதல் வளைவு. வண்டி மெதுவாகச் சாய்ந்தது, சாய்ந்தபடியே வளைந்தது, நிமிர்ந்து அடங்கியது.

"சாயுது," என்றார் டாக்டர்.

"சாயட்டும்," என்றார் பூர்ணிமா.

அடுத்த வளைவுக்கு டாக்டர் தானே கொஞ்சம் வேகத்தைக் குறைத்தார். அதற்கடுத்த வளைவில் கழுத்து இறங்கவில்லை. தேயிலைத் தோட்டங்கள் ஏறி ஏறிப் பின்னால் போயின. வைப்பர் போய்ப் போய் வந்தது. பிறகு டாக்டர் காலையில் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். மூன்றாவது பிரசவம், இரட்டைப் பிள்ளை, வீட்டுக்காரனுக்கு இன்னும் சொல்லவில்லையாம், பயந்துவிடுவானாம். அங்கிருந்து பேச்சு வேறெங்கோ போயிற்று.

"திங்கட்கிழமையிலிருந்து சாயங்காலமும் பார்க்கலாம்னு இருக்கேன்," என்றார் நடுவில், ஒரு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே. உடனே, "குஞ்சப்பனையில பலாப்பழம் வந்திருக்கும். நிறுத்தட்டுமா? அத்தாவுக்குச் சர்க்கரை, சாப்பிடக் கூடாது. நான் ஒளிச்சு வச்சுச் சாப்பிட்டாலும் வாசனையை வச்சே கண்டுபிடிச்சுடுவார். ஒரு சுளையாவது வாங்காம விடமாட்டார்."

பூர்ணிமா சிரித்தார்.

குஞ்சப்பனையில் சாலையோரம் பழங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். டாக்டர் இறங்கிப்போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எதுவும் பிடிக்கவில்லை. கடைக்காரம்மாவோடு பேச்சு நீண்டது. தூறல் நின்றிருந்தது. கனகராஜும் பூர்ணிமாவும் வண்டியின் பக்கத்தில் நின்றார்கள்.

"மேடம்," என்றார் கனகராஜ். "என் அளவுப்படி பார்த்தா நேத்து இருந்த வண்டி இதைவிடக் கம்மியாச் சாய்ஞ்சுது. அதைச் சரின்னு சொன்னேன், தப்பாப் போச்சு. இப்ப இது சரியாயிடுச்சுன்னு எதை வச்சுச் சொல்றது?"

பூர்ணிமா டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டியைப் பத்தி அவங்க கடைசியா என்ன சொன்னாங்க?"

கனகராஜ் யோசித்தார். "சாயுதுன்னு சொன்னாங்க."

"எங்கே?"

"மேல. முதல் வளைவுல."

"அதுக்கப்புறம்?"

கனகராஜ் தாங்கள் இறங்கி வந்த மலையை நிமிர்ந்து பார்த்தார். வளைவு வளைவாக நினைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். இரட்டைப் பிள்ளை, திங்கட்கிழமை, பலாப்பழம்; டாக்டரின் பேச்சில் வண்டி அதற்குப் பிறகு எங்கேயும் வரவில்லை.