பள்ளி வாசலில் நின்ற இளவரசன்

கப்பல்கள் எல்லாம் காற்றை நம்பியே கடலில் போன அந்தக் காலத்தில், கழிமுக நாட்டைக் கனகசேகரன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் யார் எதைச் சொன்னாலும் மத்தியானத்துக்குள் அதைச் சட்டமாக்கித் தண்டோரா போட்டுவிடுவான்.

துறைமுகப் பட்டினம் ஆயிற்றே! தமிழ் பேசும் வலைஞர்களோடு, தெலுங்கு பேசும் நெசவாளர்கள், மலையாளம் பேசும் படகுத் தச்சர்கள், அரபு நாட்டிலிருந்து வந்து குடியேறிய குதிரை வியாபாரிகள் என்று பலரும் அங்கே வாழ்ந்தார்கள். மந்திரி கூத்தபிரான் இவர்கள் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். காலையில் தமிழில் எழுத்தும் கணக்கும். சாயங்காலம் ஏதாவது ஒரு பிள்ளை தன் வீட்டுக் கதையைச் சொல்லும். மற்றவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். ராஜாவின் மகன் சித்திரசேனனும் அங்கேதான் படித்தான்.

ஒருநாள் ராஜா நிறைந்த சபையில் அந்தப் பள்ளியைப் புகழ்ந்து தள்ளினான். அரண்மனைப் பண்டிதர் மகுடேசருக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா, அது பள்ளியா, சந்தையா? ஒருத்தி தெலுங்கில் கதை சொல்கிறாள், ஒருவன் அரபியில் பாடுகிறான். நாளைக்குப் பகைவன் வந்தால் இவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள்? இந்த நாட்டுப் பள்ளி இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று உத்தரவிடுங்கள்!"

பகைவன் என்ற சொல் காதில் விழுந்ததுமே ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்! மந்திரியாரே, மற்றவர்களை வெளியே அனுப்பும்."

கூத்தபிரான் நெஞ்சில் முள் தைத்தது போல இருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "உத்தரவு, மகாராஜா. ஆனால் இந்த நாட்டுப் பிள்ளை யார் என்று வாசல் காவலனுக்குத் தெரிய வேண்டுமே. பண்டிதரே விதி சொல்லட்டும். அதில் இம்மியும் பிசகாமல் நான் நடத்திவைக்கிறேன்."

மகுடேசர் மீசையைத் தடவிக்கொண்டார். "இது என்ன பெரிய காரியம்? எவனுடைய தாய் தமிழில் தாலாட்டினாளோ, அவனே இந்த நாட்டுப் பிள்ளை!"

மறுநாள் காலை பள்ளி வாசலில் காவலன் இருளாண்டி ஈட்டியோடு நின்றான். "உங்க அம்மா பாடின தாலாட்டைப் பாடு!" நெசவாளர் மகள் நரசம்மா தெலுங்கில் பாடினாள். "தள்ளி நில்லு." தச்சர் மகன் மலையாளத்தில் பாடினான். "நீயும் தள்ளி நில்லு." பிறகு இளவரசன் பல்லக்கிலிருந்து இறங்கினான். அவன் தாய் துளு நாட்டு ராஜகுமாரி. அவனுக்குத் தெரிந்தது துளு தாலாட்டுதான். அதையே பாடினான்.

இருளாண்டி கும்பிட்டான். "மன்னிக்கணும் இளவரசே. நீங்களும் தள்ளி நில்லுங்க."

உச்சிவேளைக்குள் மகாராணி சபைக்குள் நுழைந்தாள். கண்கள் சிவந்திருந்தன. "என் மகன் எந்த நாட்டுப் பிள்ளை என்று சொல்லுங்கள். அந்த நாட்டுக்கே நாங்கள் போய்விடுகிறோம்!"

ராஜா பண்டிதரைப் பார்த்தான். மகுடேசர் முன்பின் யோசிக்காமல் அவசரமாகச் சொன்னார். "தாய்வழி வேண்டாம் மகாராஜா, தந்தைவழி பார்ப்போம்! எவனுடைய முப்பாட்டன் இந்த மண்ணில் பிறந்தானோ, அவனே இந்த நாட்டுப் பிள்ளை."

"உத்தரவு," என்றார் கூத்தபிரான்.

மறுநாள் இருளாண்டி புதுக் கேள்வியைக் கேட்டான். முதலில் வந்தவன் மகுடேசரின் பேரன். விருந்துதோறும் தாத்தா பெருமையடிப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அல்லவா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "எங்க முப்பாட்டனார் கங்கைக் கரையிலே பிறந்தவர்! இளவரசரோட முப்பாட்டனாரும் அங்கேதான் பிறந்தார். ரெண்டு பேரும் ஒரே கப்பலில் வந்தாங்க!"

"அப்போ நீயும் தள்ளி நில்லு. இளவரசரும் தள்ளி நிக்கணும்," என்றான் இருளாண்டி.

சாயங்காலம் ராஜா கேட்டான்: "மந்திரியாரே, பள்ளிக்குள் இப்போது யார்தான் இருக்கிறார்கள்?"

"வலைஞர் பிள்ளைகள் கொஞ்சம் பேர் உள்ளே போனார்கள் மகாராஜா. விளையாட ஆளில்லை என்று அவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். இப்போது ஒரு பூனை மட்டும் இருக்கிறது. அதன் முப்பாட்டனார் எங்கே பிறந்தார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை. "அப்படியானால் இந்தச் சட்டப்படி நானே..." என்று தொடங்கியவன், முடிக்காமல் எழுந்து நேரே பள்ளிக்கு நடந்தான். சபையே பின்னால் ஓடியது.

பள்ளிக்கு வெளியே, புங்கமரத்தடியில் பிள்ளைகள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். குதிரை வியாபாரி மகன் கதை சொல்லிக்கொண்டிருந்தான். இளவரசன் நரசம்மாவுக்கும் பண்டிதரின் பேரனுக்கும் நடுவில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான்.

"பார்த்தீர்களா மகாராஜா, கலப்படக் கூட்டம்! நாட்டுப்பற்று எப்படி வரும்?" என்றார் மகுடேசர் மூச்சிரைக்க.

ராஜா நரசம்மாவின் முன்னால் குனிந்தான். "குழந்தை, நீ எந்த நாடு?"

"கழிமுக நாடு."

"உன்னைத்தான் பள்ளிக்குள் விடவில்லையே?"

அவள் ராஜாவை வினோதமாகப் பார்த்தாள். "உள்ளே விடலைன்னா நாடு மாறிடுமா?"

ராஜா நிமிர்ந்து பள்ளி வாசலுக்கு நடந்தான். தன் கையாலேயே கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டான். பிள்ளைகள் 'ஹோ'வென்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அந்தச் சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டதாம்.

"மந்திரியாரே, என்ன பரிசு வேண்டுமோ கேளும்."

"பள்ளியில் இடம் போதவில்லை மகாராஜா. இன்னொரு கூடம் கட்டித் தாருங்கள்."

"கட்டிக்கொள்ளும்! நாளைச் சாயங்காலம் கதை என்னுடையது. என் பாட்டன் கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே இந்தக் கரைக்கு வந்த கதையை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை." பிறகு மகுடேசரின் பக்கம் திரும்பினான். "பண்டிதரே, நாட்டைப் பற்றி நீர் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது. நாளை முதல் நீரும் இந்தப் பள்ளியில்தான்."

பட்டாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மகுடேசர் பிள்ளைகளுக்கு நடுவில் பாயில் வந்து உட்கார்ந்த அழகைப் பார்க்க ஊரே கூடியது. வெட்கத்தில் அவருக்குத் தலை நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த நரசம்மா அவர் தோளை மெல்லத் தட்டினாள்.

"கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க தாத்தா. இன்னும் ஆளுங்க வராங்க."