கன்றுகள் கத்திய சாயங்காலம்

எல்லைக் கோட்டையின் தலைவன் கொற்றனுக்கு ஐம்பது வயது. அவனுடைய குரு சாத்திக்கு முப்பதுகூட ஆகவில்லை. கன்றுப் பட்டிக்குப் பக்கத்தில் ஒரு குடிசையில் இருந்தாள். மீசையை முறுக்கிக்கொண்டு ஊரையே மிரட்டுகிற அந்த ஆள், அவள் முன்னால் மட்டும் கைகட்டி நின்று "தாயே" என்பான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவனுக்குக் கவலை இல்லை.

ஒரு நாள் காலையில் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"தாயே, மோசம் போயிட்டோம்! பக்கத்து நாட்டுக்காரன் ஆறாயிரம் பேரோட வந்துட்டான். மேயப் போன நம்ம பசு மொத்தத்தையும் மடக்கிட்டான். ஆத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்துல கூடாரம் போட்டு, நடுவுல அடைச்சு வச்சிருக்கான். நாளைக்கு விடிஞ்சா கோட்டைக்குள்ள வருவான்."

"நம்ம ஆளு எத்தனை பேரு?"

"அறுபது. இப்பவே போய் மோதப் போறோம். ஆசீர்வாதம் பண்ணுங்க."

"மோதினா?"

"சாவோம். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் கல்லு நடும். எங்க அப்பனுக்குக் கல்லு இருக்கு, தாத்தனுக்கு இருக்கு. எனக்குத்தான் இத்தனை வயசாகியும் ஒண்ணும் இல்லை."

சாத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொற்றா, உனக்கு மாடு வேணுமா, கல்லு வேணுமா?"

அவனுக்குச் சுருக்கென்றது.

"மாடுதான் வேணும்னா சாயங்காலம் வரைக்கும் பொறு. கன்னுக்குட்டி ஒண்ணுக்கும் ஒரு வாய் புல்லு போடாதே. எல்லாத்தையும் கோட்டை வாசலுக்கு ஓட்டிட்டு வா."

"ஆறாயிரம் பேருக்கு எதிரா கன்னுக்குட்டியா!"

தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் ஓட்டி வந்தான். குரு சொல்லை அவன் தட்டியதில்லை.

பொழுது சாய்ந்தது. பால் கறக்கிற நேரம். பசி தாங்காமல் ஒரு கன்று "அம்மா" என்றது. அடுத்தது கத்தியது. பிறகு எழுநூறு கன்றுகளும் சேர்ந்து கத்தின பாருங்கள், காவலர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆற்றுக்கு அப்பால் பசுக்கள் காதை நிமிர்த்தின. காலையிலிருந்து கறக்காத மடி. அடைத்திருந்த வேலி மடமடவென்று முறிந்தது. எதிரிகள் அப்போதுதான் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பசுக்கள் கூடாரம் பார்க்கவில்லை, சேனாபதி பார்க்கவில்லை, சோற்றுப் பானை பார்க்கவில்லை; எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு ஆற்றைக் கடந்து கன்றுகளிடம் ஓடின. குதிரைகள் மிரண்டு கட்டறுத்து ஓடின. "பெரும்படை வந்துடுச்சு!" என்று எவனோ அலறினான். அவ்வளவுதான், ஆறாயிரம் பேரும் கையில் சோற்றோடு ஓட்டம் பிடித்தார்கள்.

"இப்பப் போ," என்றாள் சாத்தி.

அறுபது பேரும் முரசடித்துக்கொண்டு ஆற்றைத் தாண்டினார்கள். அந்தப் புழுதியில் வருவது அறுபதா அறுபதாயிரமா என்று எண்ண எதிரிக்கு ஏது நேரம்! எல்லைக் குன்றைத் தாண்டும்வரை விரட்டினார்கள். தொண்டை கட்டும்வரை கூச்சல் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

வாசலில் கன்றுகள் வாலை ஆட்டி ஆட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. ஒரு செவலைப் பசுவின் கொம்பில் சேனாபதியின் பட்டுத் துண்டு தொங்கியது. அதைப் பார்த்து ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது.

கொற்றனும் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் வாடிவிட்டது.

"என்னடா?" என்றாள் சாத்தி.

"தாயே, அறுபது பேரும் முழுசாத் திரும்பிட்டோம். ஒருத்தனுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதைப் போய் ஜெயிச்சதுன்னு யாராவது ஒத்துக்குவாங்களா?"

"அறுபது வீட்டுலயும் போய்க் கேளு," என்றாள் அவள். "உன் வீட்டுல முதல்ல கேளு."