ஒரு கோலுக்கு மூன்று பேர்

பூவழகராயர் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஊரில் எந்த நல்லது நடந்தாலும் அது தன் யோசனை என்பார். மழை பெய்தால், "நேற்றே நினைத்தேன்" என்பார். சமையல்காரர் புதிதாக ஒரு பாயசம் வைத்தால், "என் மனதில் இருந்ததை அப்படியே செய்துவிட்டான்" என்பார். சபையே தலையாட்டும். விகடகவி தேனப்பன் மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொள்வான்.

அவருடைய கல்லூரியில் மாணவர்கள் ஓர் ஆட்டம் ஆடுவார்கள். வளைந்த தடியால் பந்தை அடித்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே தள்ள வேண்டும். இன்றைக்கு ஹாக்கி என்கிறோமே, அதற்கு அண்ணன் முறை. பந்து உள்ளே போவதற்கு அப்போது என்ன பேர் சொன்னார்களோ, நான் கோல் என்றே சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் அக்கரைக் கல்லூரியோடு பெரிய போட்டி நடக்கும். வெற்றி கோலைப் போடுகிறவனுக்குக் குதிரைப்படையில் வேலை, கூடவே ஒரு குதிரை.

அந்த வருஷம் பொழுது சாய்கிறவரை இரண்டு பக்கமும் ஒரு கோல்கூட இல்லை. கடைசியில் அக்கரைக்காரர்களின் கம்பத்துக்கு முன்னால் எல்லாரும் முட்டி மோதினார்கள். புழுதி எழும்பியது. நடுவர் கண்ணைக் கசக்கினார். புழுதி அடங்கியபோது பந்து கம்பங்களைத் தாண்டி உள்ளே கிடந்தது. அடித்தது யார் என்று நடுவருக்கும் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

மறுநாள் சபையில் மூன்று பேர் வந்து நின்றார்கள்.

"நான்தான் அடித்தேன்" என்றான் அமைச்சர் மகன் கஜேந்திரன்.

"என் கண்ணாலேயே பார்த்தேன்" என்றார் அமைச்சர்.

"அந்தப் புழுதியிலா?" என்றான் தேனப்பன்.

"பெற்ற கண்ணைப் புழுதி மறைக்குமா?"

"நான்தான் அடித்தேன்" என்றான் சேனாபதி மகன் மல்லையன். "அவன் தடிச் சத்தம் எனக்குத் தெரியாதா?" என்று சேனாபதி மீசையை முறுக்கினார்.

மூன்றாமவன் ஓடக்காரர் மகன் கன்னியப்பன். அவனுக்காகப் பேச சபையில் ஆளில்லை. "நான்தான் அடிச்சேன் மகாராஜா" என்றான். "அப்பாவுக்குத் தோள்பட்டை போயிடுச்சு. இந்த வேலை கிடைக்கலைன்னா படிப்பை விட்டுட்டு நாளைக்கே ஓடம் தள்ளப் போகணும்."

ராஜா தலையைச் சொறிந்தார். "தேனப்பா, விளக்கு வைப்பதற்குள் இதைத் தீர்த்துவிடு. அமைச்சரும் கோபப்படக் கூடாது, சேனாபதியும் கோபப்படக் கூடாது. யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நீ நாளை முதல் சபைக்கு வர வேண்டாம்."

தேனப்பன் அசரவில்லை. "மகாராஜா, பந்து கம்பத்தடிக்குத் தானாகவா உருண்டு வந்தது? ஒருவன் தட்டிக் கொடுத்தான், இன்னொருவன் அடித்தான். அடித்தவனுக்குக் குதிரை. கொடுத்தவனுக்கு வெறும் புழுதியா?"

"அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்!" என்று ராஜா துள்ளி எழுந்தார். "அவன் கொடுக்காவிட்டால் இவன் எதை அடிப்பான்? கொடுத்தவனுக்கு இரண்டு மடங்கு பரிசு!"

"ஆட்டத்துக்கு மட்டுமா மகாராஜா?"

"எல்லாக் காரியத்துக்கும்தான்! இன்று முதல் இது சட்டம்."

கஜேந்திரன் தொண்டையைக் கனைத்தான். "மகாராஜா, நேற்று ஒரே களேபரம். நிதானமாக யோசித்தால், நான் அடிக்கவில்லை. தட்டித்தான் கொடுத்தேன்."

"ஆமாம், இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது" என்றார் அமைச்சர்.

"இவன் எங்கே கொடுத்தான்? கொடுத்தவன் நான்!" என்று மல்லையன் பாய்ந்தான்.

"சரி, நீ யாருக்குக் கொடுத்தாய்?" என்று தேனப்பன் கஜேந்திரனைக் கேட்டான்.

"மல்லையனுக்கு."

"மல்லையா, நீ?"

"கஜேந்திரனுக்கு!"

"அவன் இவனுக்குக் கொடுத்தானாம், இவன் அவனுக்குக் கொடுத்தானாம். அடிக்கத்தான் ஆளில்லை" என்றான் தேனப்பன். சபையில் சிரிப்பு கிளம்பியது. "கன்னியப்பா, நீ ஏன் சும்மா நிற்கிறாய்? நீயும் கொடுத்தேன் என்று சொல்லேன். இரண்டு குதிரை!"

"தெரியுதுங்க ஐயா. ஆனா நான் அடிச்சேன், அவ்வளவுதான். கொடுத்தது எங்ககூட ஆடின மருதையன். கொடுத்த வேகத்தில் முழங்கால் பிசகி விழுந்துட்டான். வைத்தியர் வீட்டில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கான். கோல் விழுந்ததே நான் போய்ச் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்."

தேனப்பன் கும்பிட்டான். "தீர்ந்தது மகாராஜா. அடித்தேன் என்று வந்தவர்கள் மூன்று பேர். அடிக்கவில்லை என்று இரண்டு பேர் தங்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். பெரியவர்கள் இருவரும் கோபப்பட முடியாது. அவர்கள் பிள்ளைகள் சொன்னதைத்தானே நாம் ஏற்றுக்கொள்கிறோம்!"

அமைச்சர் கூரையைப் பார்த்தார். சேனாபதி தன் செருப்பைப் பார்த்தார். கன்னியப்பனுக்கு வேலையும் குதிரையும் கிடைத்தன. அவன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டான். மருதையனுக்காக இரண்டு குதிரைகளை வைத்தியர் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கட்டினார்கள்.

ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீர்களா? இந்தத் தந்திரம் காலையிலிருந்தே என் மனதில் இருந்தது. தேனப்பன் வாயால் வந்தது, அவ்வளவுதான். இப்படி ஒரு தீர்ப்புச் சொன்னவனுக்குப் பரிசு வேண்டாமா? பண்டாரத்திலிருந்து ஒரு முத்துமாலையை எடுத்து வாருங்கள்!" என்றார். மாலை வந்தது. அதைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

சபை கைதட்டியது. எல்லாரையும்விட அதிகமாகக் கைதட்டியவன் தேனப்பன்.

"மிகவும் சரி மகாராஜா! இந்தக் கோலை அடித்தது தாங்கள்தான். நான் வெறுமனே தட்டிக் கொடுத்தவன்" என்றான்.

பிறகு பண்டாரக்காரர் பக்கம் திரும்பி, அடக்கமாக இரண்டு கைகளையும் நீட்டினான். "சட்டப்படி எனக்கு இரண்டு மாலை, ஐயா."

ராஜா ஒரு கணம் விழித்தார். அப்புறம் கிரீடம் சரிகிற அளவுக்குச் சிரித்தார். தன் கழுத்து மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டு, "இன்னொன்றையும் எடுத்து வாருங்கள்!" என்றார்.