கொம்புக்குள் தலை குனிந்த கத்தி

சத்தியம், சத்தியம், மூன்று தரம் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் வாயில் மிச்சமிருக்கிற இரண்டு பல்லும் இப்போதே உதிரட்டும்.

அந்தக் காலத்தில் ஆடு பேசும், மாடு பேசும், கத்தியும் பேசும். கத்திகள்தான் பெரிய வாயாடிகள். எல்லாம் விறைத்துக்கொண்டு நிற்கும். மடங்குவது அவற்றின் வம்சத்திலேயே கிடையாது.

ஆடு மேய்க்கிற சேவுகனிடம் சாண் நீளத்தில் ஒரு கத்தி இருந்தது. வாலில் தொங்கவிட ஓர் ஓட்டை, அதைச் சுற்றிக் கந்தல் துணி, அதுதான் பிடி. விடிந்தால் இடுப்பில் செருகிக்கொள்வான். குளம்பில் ஏறிய முள்ளை எடுக்க, நுங்கு சீவ, பாக்கு நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். வேலையில்லாத நேரத்தில் இரண்டு பேருமாக ஊர்க்கதை பேசிச் சிரிப்பார்கள்.

ஒரே ஒரு தொல்லை. உறையில்லாத கத்தி அல்லவா? இருந்த இடத்திலேயே அரைஞாண் கயிற்றை அறுத்துவிடும். மூன்றாம் தரம் அறுந்தது மச்சினன் கல்யாணத்தில், சீர்த் தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திச் சபை நடுவே நின்றபோது. தாம்பாளத்தைப் பிடிப்பதா, வேட்டியைப் பிடிப்பதா? சேவுகன் தாம்பாளத்தை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் பெண்டாட்டி அரியநாச்சி சொல்லிவிட்டாள்: "இனிமே அது கூரையிலதான் கிடக்கணும்."

"துருப்பிடிச்சே செத்துருவேன் ஆத்தா," என்றது கத்தி.

"வேட்டி அவுந்ததைக்கூட விட்டுருவேன். புள்ளைய இவரு இடுப்புல தூக்கினா, அது நேரா உன்மேலதான் கை வைக்குது. விரல் போனா நீ ஒட்டவைப்பியா?"

சேவுகன்தான் கெஞ்சினான். "கிடாவோட கொம்பு வளைஞ்சு அது கன்னத்தையே குத்துது. நாளைக்கு அதை மட்டும் அறுத்துக்கிறேன்."

மறுநாள் பொட்டலில் அறுத்தான். வெயில் உச்சிக்கு வரும்போதுதான் கொம்பு விழுந்தது. விழுந்த வேகத்தில் நெடுகப் பிளந்தது.

கிடா தலையை உதறியது. "அப்பாடா! ஏலே சேவுகா, ஏன் ரெண்டு பேரும் இழவு வீட்டுக்காரங்க மாதிரி உக்காந்திருக்கீக?"

"இன்னையோட இது கூரைக்குப் போகுது."

"கொம்பு உள்ளே கூடுதானே? அதுக்குள்ள படுத்துக்கச் சொல்லு."

சேவுகன் கத்தியின் வாலைப் பிளவுக்குள் வைத்து, ஓட்டை வழியே ஒரு கருவேல முள்ளை அடித்தான். பிடி கச்சிதமாக அமைந்தது. அலகு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் குனியேன்," என்றான்.

"ஒரு தரம் குனிஞ்சாலே வாய் உள்ளே போயிரும் அண்ணே, போன பேச்சு திரும்பி வராது. அப்புறம் உங்கிட்ட எப்படிப் பேசுவேன்?"

அவனால் அதற்கு மேல் வற்புறுத்த முடியவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டான்.

அந்த நேரம் அரியநாச்சி கூழோடு வந்து, பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கலயத்தை இறக்கக் குனிந்தாள். பிள்ளை பளபளப்பைக் கண்டது. கத்தியை உருவி, அலகோடு சேர்த்து இறுக்கப்போனது.

"ஐயோ!" என்றாள் அரியநாச்சி.

"டக்!"

முள்ளைச் சுற்றித் திரும்பி, அலகு கொம்புக்குள் போய்விட்டது. பிள்ளையின் கைக்குள் வெறும் கொம்பு. பிள்ளை சிரித்தது.

சேவுகன் கத்தியை வாங்கிக் காதோரம் வைத்தான். "ஏய்... சும்மா வெளயாடாத, பேசு." சத்தமே இல்லை. அரியநாச்சி பிடுங்கி, உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் அலகை நெம்பினாள். பதற்றத்தில் நகம் அழுந்தி இரும்பிலேயே பள்ளம் விழுந்தது. அலகு வந்தது, பேச்சு வரவில்லை.

அவளே அதை மடக்கி, அவன் இடுப்பில் செருகிவிட்டாள். "இது இங்கேயே இருக்கட்டும்," என்றாள்.

அன்று முதல்தான் மடக்குக் கத்தியின் அலகில் நகம் வைக்க ஒரு பள்ளம் இருக்கிறது. அன்று முதல்தான் அது வேலை முடிந்ததும் தலை குனிந்து படுத்துக்கொள்கிறது. படுக்கும்போது மட்டும் 'டக்' என்று ஒரே ஒரு சொல் சொல்கிறது.

கேட்டாயிற்று அல்லவா? யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று கேட்டால் மட்டும், காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று சொல்லிவிடுங்கள், புண்ணியமாய்ப் போகும்.