பூரணம் அத்தை ருசி பார்த்த மார்கழிப் பீர்

இதுல எது நிஜம், எது இல்லைன்னு யாரும் என்கிட்ட கேக்கக் கூடாது. நான் என் பாட்டுக்குக் காய் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். காதுல விழுந்ததை விழுந்தபடி எழுதுறேன், அவ்வளவுதான்.

போடியில எங்க ஏலக்காய்க் கடையில பதினோரு பொம்பளைங்க தரையில உக்காந்து, முறத்துல காயைக் கொட்டிப் பொறுக்குறோம். பச்சை தனி, வெளுத்தது தனி, வாய் வெடிச்சது தனி. கைக்குத்தான் வேலை, வாய்க்கு வேலை கிடையாது. அந்த வாய் வேலையை இருபது வருசமா பூரணம் அத்தைதான் பாக்குறாங்க.

அத்தையோட மக சுகந்தி இங்கிலாந்துல நர்ஸ். முதல் பிரசவத்துக்கு அத்தைதான் ஏரோப்ளேன் ஏறிப் போய் மூணு மாசம் இருந்துட்டு வந்தாங்க. இப்ப ரெண்டாவது. மார்கழிக்கு நாள் சொல்லியிருக்காங்க. "வீடு சின்னது, ஒருத்தர்தான் தங்க முடியும். ரெண்டு அம்மாவும் பேசி, யார் வர்றீங்கன்னு இன்னைக்குள்ள சொல்லிருங்க"ன்னு மருமகன் நவநீதன் போன்ல சொல்லிட்டார். அதைப் பேசத்தான் நவநீதனோட அம்மா ரத்தினம்மா சின்னமனூர்லேர்ந்து பஸ் ஏறி நேரா கடைக்கே வந்துட்டாங்க. மடியில பை, பைக்குள்ள பாஸ்போர்ட்.

"இந்தத் தடவ நான் போறேன் சம்பந்தி. நீங்கதான் ஒருக்காப் பாத்துட்டீகள்ல"ன்னு ரத்தினம்மா ஆரம்பிச்சாங்க.

அத்தை முறத்தை ஒரு தட்டுத் தட்டினாங்க. "நீங்க போறதுல எனக்கென்ன சம்பந்தி? அந்த நாட்டுக்காரங்கதான் ஒத்துக்க மாட்டாங்க."

"எந்த நாட்டுக்காரங்க?"

"இங்கிலாந்துக்காரங்கதான். குளிர்காலத்துக்குன்னே அங்க ஒரு பீரு காய்ச்சுறாங்க. வருசத்துல அந்த ஒரு பருவம்தான். நான் ருசி பாத்துத் தலையாட்டாம ஒரு பீப்பாயத் தொறக்க மாட்டாங்க."

ரத்தினம்மா பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. "பீரு குடிச்சீகளா?"

"குடிக்கல சம்பந்தி, ருசி பாத்தேன்."

"எத்தன பாட்டில் ருசி பாத்தீக?"ன்னு மூலையிலேர்ந்து செம்பகம் கேட்டா. அவளுக்கு எப்பவும் நாக்கு நீளம்.

"நீ பொறுக்குடி. அந்தக் குளிர் தெரியுமா ஒனக்கு? போய் எறங்குன அன்னைக்கு வாசல்ல ரெண்டு நிமிசம் நின்னேன். உள்ள வரலாம்னு திரும்புறேன், என் நெழலு வரல. ரோட்டோட ஒட்டி ஒறஞ்சு போச்சு. சுகந்திகிட்ட தோசைத்திருப்பி வாங்கி, ஓரத்துலேர்ந்து மெல்ல நெம்பி எடுத்தேன். இந்தா பாரு, இடது காதுக்கிட்ட இன்னமும் கொஞ்சம் பிஞ்சிருக்கும்."

செம்பகம் எட்டி அத்தையோட நிழலைப் பாத்தா. நானும் பாத்தேன். வெக்கமாப் போச்சு.

"அந்தக் குளிருக்கு மாப்பிள்ள ஒரு பாட்டில் வாங்கியாந்து மேச மேல வச்சிருந்தாரு..."

"எம்மகனா?" ரத்தினம்மாவுக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. "அவன் டீயே குடிக்க மாட்டான்."

"முழுசாக் கேளுங்க சம்பந்தி. பாட்டிலு கறுப்பா இருந்துச்சு. தொறந்து மோந்து பாத்தா கிராம்பு, பட்ட, சுக்கு, சாதிக்கா, காஞ்ச ஆரஞ்சுத் தோலு. நான் என்ன நெனச்சேன்? பிள்ளப் பெத்தவளுக்கு மருந்து! ஆகா, நாம இங்கேர்ந்து இடிச்சுக் கொண்டு போனதுக்கு முந்தியே மாப்பிள்ள கடையில சொல்லிக் காய்ச்சி வச்சிருக்காரே, எம்புட்டுப் பொறுப்புன்னு கண்ணுல தண்ணி வந்துருச்சு. பெத்தவளுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி நாம ருசி பாக்கணுமா இல்லையா? ஒரு கரண்டி வாயில விட்டேன்."

"எப்படி இருந்துச்சு?" இதை நான் கேக்கல, செம்பகம்தான் கேட்டா. கேக்கணும்னு நானும் நினைச்சேன்.

அத்தை கண்ணை மூடிக்கிட்டாங்க. "மொதல்ல கருப்பட்டி. சும்மா கருப்பட்டி இல்ல, பாகு முத்தி அடிப்பிடிக்கப் போற நேரத்துல எறக்குன கருப்பட்டி. அதுக்குப் பின்னாடியே, கேப்பையக் கொஞ்சம் கூட வறுத்துட்டா ஒரு வாசம் வருமே, அது. நடு நாக்குல கிராம்பு. தொண்டைக்கிட்ட வந்ததும் கசப்பு. நம்மூருக் கசப்பு மாதிரி வந்ததும் அறையல. வெள்ளக்காரக் கசப்புல்ல? கதவத் தட்டி, 'உள்ள வரலாமா'ன்னு கேட்டு, காலத் தொடச்சுக்கிட்டு வந்துச்சு."

"வந்து?"

"உக்காந்துருச்சு. மூணு நாளு எந்திரிக்கல."

ரத்தினம்மா சிரிக்கவே இல்ல. "மருந்த மகளுக்குக் குடுத்தீகளா?"

"எங்க குடுக்க? அதுக்குள்ளதான் ரெண்டாவது கரண்டி வந்துருச்சே. ரெண்டாவதுலதான் எல்லாம் தெரிஞ்சுச்சு. இந்த பார்லி மேட்டுக் காட்டுல வெளஞ்சது. அறுத்தவன் இடதுகைக்காரன். காய்ச்சுறப்பக் கிண்டுனவன் பொண்டாட்டியோட சண்ட போட்டுட்டு வந்திருக்கான், தப்பு அவன் மேலதான். மாப்பிள்ளகிட்டச் சொன்னேன். அவரு போயி, அதக் காய்ச்சுற ஆர்தருகிட்டச் சொல்ல, ஆர்தரு அப்படியே தரையில உக்காந்துட்டானாம். கிண்டுனவன் ஓன்னு அழுது, வேலைய விட்டுட்டு வீட்டுக்கு ஓடி, பொண்டாட்டி கால்ல விழுந்துட்டான். அந்தத் தெருவுல அதுக்கப்பறம் ஒரு வீட்டுலயும் சண்ட இல்ல. எல்லாருக்கும் பயம், இந்தம்மா ஒரு கரண்டி குடிச்சா நம்ம வண்டவாளம் வெளிய வந்துரும்னு."

"எம்மகன் வீட்டப் பத்தி எதுவும் தெரியலையா அதுல?"

"தெரிஞ்சுச்சு. சம்பந்திகிட்டச் சொல்ற விசயமில்ல."

கடையே கொல்லுன்னு சிரிச்சுச்சு. ரத்தினம்மா மூக்கை உறிஞ்சினாங்க. அத்தைக்கு அது போதும், அடுத்த படி ஏறிட்டாங்க.

"சேதி ஊரு மேயருக்குப் போயிருச்சு. டவுன் ஹால்ல நாப்பது பீப்பாய வரிசையா அடுக்கிட்டாரு. ருசி பாக்குறதே தொழிலா வச்சிருக்குற அஞ்சு பேரு வந்தானுக. மூக்குக்கு மட்டும் தனியா இன்சூரன்ஸ் போட்டவனுக! என் கண்ணத் துண்டால கட்டிட்டாக. அவனுக ஒரு வாய் குடிக்கிறானுக, துப்புறானுக. குடிக்கிறானுக, துப்புறானுக. நான் துப்பல. அன்னத்தத் துப்பலாமா?"

"பீரு அன்னமா சம்பந்தி?"

"பார்லி தானியந்தான? நாப்பதும் முழுங்குனேன். ஒவ்வொண்ணுக்கும் எந்த மரத்துல செஞ்ச பீப்பாய், அந்த மரத்துல எந்தக் குருவி கூடு கட்டுச்சுங்கிற வரைக்கும் சொல்லிப்புட்டேன். அஞ்சு பேரும் இன்சூரன்ஸ் பேப்பரக் கிழிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டானுக."

"நாப்பது குடிச்சிட்டு நின்னீகளா?"

"நான் நின்னேன். டவுன் ஹால்தான் கொஞ்சம் சாஞ்சுச்சு." அத்தை ஒரு பச்சைக் காயை வெளுத்த குவியல்ல போட்டுட்டு, மறுபடி எடுத்து மாத்திப் போட்டாங்க. "கடைசி பீப்பாயில மட்டும் ஏதோ கொறையுதுன்னு பட்டுச்சு. மேயரு மொகம் வாடிப் போச்சு. நான் முந்தியில முடிஞ்சு வச்சிருந்த ஏலக்காய்ல ஒண்ணே ஒண்ண எடுத்து, கடிச்சுப் பிளந்து உள்ள போட்டேன்."

"நம்ம கடைக் காயா?"ன்னு செம்பகம் வாயைப் பொளந்தா.

"நம்ம கடைதான். வாய் வெடிச்ச காய்டி, நல்லதக் கூட எடுக்கல. போட்டதும் பீப்பாய் 'ம்ம்ம்'னு மொனகுச்சு. மூடி பறந்துச்சு. அதுலேர்ந்து கெளம்புன ஆவி தெருத் தெருவாப் போகப் போக, கூரையில கெடந்த பனியெல்லாம் பொதபொதன்னு விழுது. ஒறஞ்சு கெடந்த ஆறு ஓட ஆரம்பிச்சுருச்சு. ஆட்டுக் கூட்டம் பூரா வரிசையில வந்து, 'இந்தா, இனி எங்களுக்கு வேணாம்'னு ரோமத்தக் கழட்டி வச்சிட்டுப் போகுது. மூணு நாளு வெயிலு! அந்தச் சனம் சூரியனப் பாத்ததே இல்லையா, 'யாரு இவரு, ஊருக்குப் புதுசா'ன்னு போனத் தூக்கிப் படம் புடிக்குது."

பதினோரு முறமும் நின்னு போச்சு. பக்கத்துல தூளி கட்டிப் போட்டிருந்த என் கைப்பிள்ளைகூட கால் ஆட்டாம கெடந்துச்சு.

அத்தை குரலை இறக்கினாங்க. "இப்ப இந்த வருசத்துக்கு நானூறு பீப்பாய் காய்ச்சி வச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்காக சம்பந்தி. ஊரு சனம் காலி கிளாசோட கடை வாசல்ல நிக்குது. நான் போகலைன்னா அங்க குளிர்காலமே முடியாது. தை பொறக்காது. அப்பறம் ஒங்க இஷ்டம்."

ரத்தினம்மா பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, முந்தானையால ஒரு துடை துடைச்சாங்க.

"எல்லாஞ் சரி சம்பந்தி. முக்கா மணி நேரமாப் பேசுனீக. பீப்பாய் எத்தன, ஆடு எத்தனன்னு எல்லாம் வந்துச்சு. போனது பிரசவத்துக்கு. எம்பேரனப் பத்தி ஒரு வார்த்த வரலையே?"

அத்தையோட கை முறத்துக்குள்ள அப்படியே நின்னுச்சு. ஒரு நொடிதான்.

"அதத்தான சொல்ல வர்றேன்! பொறந்ததும் பய அழுகவே இல்ல. டாக்டரு பதறுறாரு, நர்சுக பதறுறாக. நான் போய்க் குனிஞ்சேன். ஒத்தக் கண்ண மட்டும் தொறந்தான். 'அம்மாச்சி, வந்துட்டியா? இனிமே எங்க வீட்டுல எத்தன பிரசவம் ஆனாலும் நீதான் வரணும்'னு சுத்தத் தமிழ்ல, நாக்குப் பெரளாமச் சொன்னான். ஆசுபத்திரியே கேட்டுச்சு."

நாங்க எல்லாரும் ரத்தினம்மாவைப் பாத்தோம்.

ரத்தினம்மா பொறுமையாத் தலையாட்டினாங்க. "தெரியும் சம்பந்தி."

"தெரியுமா?"

"ஒங்ககிட்டச் சொல்லி முடிச்ச கையோட எனக்குப் போன் போட்டான்ல. 'அப்பத்தா, அம்மாச்சி மனசு நோகக் கூடாதுன்னு சும்மா ஒரு வார்த்த சொல்லி வச்சிருக்கேன், நீ கண்டுக்காத. அது வந்ததுலேர்ந்து பீருக்கடையிலதான் கெடக்கு. எனக்குத் தம்பியோ தங்கச்சியோ வர்றப்ப நீ பொறப்பட்டு வந்துரு'ன்னான்."

செம்பகம் முறத்தோட சாஞ்சு விழுந்தா. பச்சையும் வெளுத்ததும் ஒண்ணாக் கலந்து தரையெல்லாம் ஓடுச்சு. கடையில சிரிப்பு அடங்கவே இல்ல. பூரணம் அத்தை வாயைத் திறந்தாங்க. மூடினாங்க. மறுபடி திறந்தாங்க. இருபது வருசத்துல அந்த வாய்லேர்ந்து ஒண்ணும் வராம நான் பாத்தது அன்னைக்குத்தான்.

கொஞ்ச நேரம் தலையைக் குனிஞ்சு காய் பொறுக்கினாங்க. அப்பறம் நிமிராமலே சொன்னாங்க.

"குளிருக்கு சுவெட்டர் வேணுமில்ல. எங்கிட்ட ஒண்ணு இருக்கு, எடுத்துட்டுப் போங்க. ஒங்க ஒடம்புக்கு ஒரு கைதான் நுழையும்."