நாற்பத்தேழு டப்பா

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு நாற்பத்து நான்கு.

முறைப்படி பார்த்தால் இது தலைகீழ்தான். என்ன செய்வது, திருமூர்த்திக்குக் கற்றுக்கொள்ளும் ஆசை ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது. கூட்டுறவுக் கிடங்கில் முப்பத்து நான்கு வருஷம் சரக்கு சரிபார்த்த மனிதர். வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்ததும் சமையலறை டப்பாக்களைத் திறந்து துவரம்பருப்பு எத்தனை படி இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த மனைவி, எங்கேயாவது போய் உருப்படியாக ஏதாவது செய்யுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்படித்தான் அவர் சாந்தாமணியிடம் வந்து சேர்ந்தார். உடுமலை வட்டாரத்தில் வண்டிகளுக்கு மதிப்புப் போட்டுக் கொடுப்பவர் சாந்தாமணி. விபத்தில் நசுங்கிய லாரியாகட்டும், நாற்பது வருஷப் பழைய காராகட்டும், அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விற்பவரும் வாங்குபவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

திருமூர்த்தி அவரை முதலில் மேடம் என்று கூப்பிட்டார். நாலே நாளில் அது, வயதில் இளைய பெண்களைக் கொங்கு நாட்டில் கூப்பிடுகிற அம்மிணி என்று ஆகிவிட்டது. குருவை அம்மிணி என்று கூப்பிட்ட சீடர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சாந்தாமணிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் முதல் ஒரு மணி நேரம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். குனிவார், நிமிர்வார், சுற்றி வருவார். கை மட்டும் முன்னால் வராது. சேர்த்துப் பிடித்த விரல்களில் ஸ்கூட்டர் சாவி தொங்கும். சாவி வளையத்தில் சின்னதாக ஒரு பித்தளை நட்டு.

"கையை ஏனுங் அம்மிணி கட்டிக்கிறீங்க?" என்று திருமூர்த்தி ஒருநாள் கேட்டார்.

"பாக்கறதுக்குக் கண்ணு போதுமுங்ணா."

இது ஒரு பதிலா என்று திருமூர்த்தி மனசுக்குள் நினைத்துக்கொண்டார்.

ஆவணி மாதம் ஒரு வேலை வந்தது. ரத்தினாம்பாள் என்ற அம்மாளின் வீட்டில் ஒரு பழைய ஜாவா மோட்டார் சைக்கிள். அவருடைய கணவர் நஞ்சப்பன் பதினோரு வருஷமாக அதைக் கழற்றிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். பாதியில் மாரடைப்பு. பின்கட்டில் சட்டம் மட்டும் செங்கல் மேல் நின்றது. டேங்க் ஒரு சாக்கின் மேல், சிலிண்டர் ஒரு பழைய வேட்டிக்குள். சுவரோரம் நீளப் பலகையில் வரிசையாக நாற்பத்தேழு தகர டப்பாக்கள். ஒன்றிலும் ஒரு எழுத்து கிடையாது.

வாங்க இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். ஒருவர் உதிரிபாக வியாபாரி. பிரித்துப் பிரித்து விற்றுவிடுவேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். இன்னொருவர் தாராபுரத்து ஓவிய ஆசிரியர் யோகநாதன். எல்லாம் இருந்தால் நானே சேர்த்து ஓட்டுவேன் என்றார்.

"எனக்கு வெல பெருசில்லீங்க," என்றார் ரத்தினாம்பாள். "அவரு போறதுக்கு மொத வாரங்கூட, உன்னைய ஒக்கார வச்சுப் பழனி அடிவாரம் வரைக்கும் போயிட்டு வரோணும்னாரு. நான் ஒக்காரவெல்லாம் வேண்டாமுங்க. அந்த வண்டி ஓடற சத்தத்த ஒருக்காக் கேட்டாப் போதும்."

சாந்தாமணி தலையசைத்தார். வெளியே வந்ததும் திருமூர்த்தி கேட்டார்.

"முடிச்ச வண்டின்னா சந்தை வெல இருக்குதுங். உடைஞ்ச வண்டின்னா எடைக்குப் போடலாம். முடிக்காம நிக்கிற வேலைக்கு எப்படிங் அம்மிணி வெல போடறது?"

"எனக்கு நாளைக்கு வேற ஊர்ல வேலை இருக்குதுங்ணா. நாளன்னிக்கு வர்றேன். அதுவரைக்கும் நீங்க பாருங்க."

மறுநாள் ரத்தினாம்பாள் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போக வேண்டியிருந்தது. பின்கட்டுச் சாவியைத் திருமூர்த்தியிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

திருமூர்த்தி பார்த்தார். எப்படிப் பார்த்தார் என்பதுதான் கதை. யோகநாதன் 'எல்லாம் இருந்தால்' என்றாரல்லவா? எல்லாம் இருக்கிறதா என்று எண்ணாமல் எப்படிச் சொல்வது? முப்பத்து நான்கு வருஷப் பழக்கம் கையைச் சும்மா விடவில்லை. நாற்பத்தேழு டப்பாக்களையும் ஒரு பெரிய தாம்பாளத்தில் கொட்டினார். எண்ணெயும் அழுக்கும் அப்பியிருந்ததை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினார். வெயிலில் உலர்த்தினார். பெரிய போல்ட்டெல்லாம் ஒரு பக்கம், சின்ன போல்ட்டெல்லாம் ஒரு பக்கம், நட்டு தனி, வாஷர் தனி என்று அளவு வாரியாகப் பிரித்தார். மொத்தம் நானூற்றுப் பதினாறு உருப்படி. நஞ்சப்பன் வைத்திருந்த உதிரிபாகப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. கோடு போட்ட தாளில் முத்து முத்தாக எழுதினார். காலி டப்பாக்களையும் சோப்புப் போட்டுக் கழுவி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த நாள் காலை சாந்தாமணி வந்தார். ரத்தினாம்பாள் பின்கட்டுக் கதவைத் திறந்தார். மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

ரத்தினாம்பாள் பலகையைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். மேலே இருந்த டப்பாவை எடுத்து உள்ளே விரலால் தடவிப் பார்த்தார்.

"ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

சாந்தாமணி கைகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"எதாச்சும் குறையுதுங்களாண்ணா?"

"ஒண்ணு கூட இல்லீங் அம்மிணி!" என்றார் திருமூர்த்தி பெருமையாக. தாளை நீட்டினார்.

சாந்தாமணி அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். எழுதியதைத் திருமூர்த்தியிடமே திருப்பிக் கொடுத்தார்.

நேற்று முன்தினம் மதிப்பு: ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
இன்று மதிப்பு: ஐம்பதாயிரம்.
காணாமல் போனது: எதுவுமில்லை.

திருமூர்த்தி இரண்டு முறை படித்தார்.

"எனக்குப் புரியலீங்க."

சாந்தாமணி தாம்பாளத்திலிருந்து இரண்டு போல்ட்டுகளை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தார். "இதுல எது எந்த ஓட்டைக்குப் போகுமுங்ணா?"

இரண்டும் ஒரே தடிமன். ஒன்று மற்றொன்றைவிட நெல்மணி அளவு நீளம். திருமூர்த்தி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாத்திப் போட்டு முடுக்குனா?" என்று கேட்டார் சாந்தாமணி.

இன்ஜின் மூடி விரிசல் விட்டுவிடும் என்பது திருமூர்த்திக்குத் தெரியும். புத்தகத்தில் படித்திருக்கிறார். காகிதம் போல மெல்லிய வாஷர்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. எது வலப்பக்கம், எது இடப்பக்கம், எது எதற்கு அடியில்? பட்டியலில் எண்ணிக்கை இருந்ததே தவிர இடம் இல்லை. நஞ்சப்பன் கழற்றிய வரிசையிலேயே டப்பாக்கள் பலகையில் இருந்திருக்கின்றன. திரும்பி வந்து சேர்க்கப்போவது தான்தானே என்று அவர் எழுதி வைக்கவில்லை.

"யோகநாதனால இதச் சேத்த முடியுங்களா?" என்று திருமூர்த்தி கேட்டார்.

"முடியாதுங்ணா. வியாபாரி எடுத்துக்குவாரு."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சாந்தாமணி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திருமூர்த்தி சமையலறை வாசலில் போய் நின்றார். அறுபத்தொரு வயதில், முன்பின் தெரியாத ஒரு வீட்டில் நின்றுகொண்டிருந்த அவருக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"நான் கெடுத்துப்போட்டேனுங்க. வரிசை போயிருச்சு. உங்க வீட்டுக்காரரு ஒருத்தருக்குத்தான் அது தெரியும்."

ரத்தினாம்பாள் அடுப்பை அணைத்தார்.

"அவரு எங்கீங்க டப்பாவுல போட்டாரு? கையெல்லாம் கிரீசா இருக்கும். கழட்டிக் கழட்டி நீட்டுவாரு. பதினோரு வருசமா டார்ச்சு லைட்டப் பிடிச்சுட்டு நின்னு, வாங்கி வாங்கிப் போட்டது நானு."

திருமூர்த்திக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று நாளாக அந்த வீட்டுக்கு வந்து போகிறார். சாவி வாங்கினார், மண்ணெண்ணெய் வாங்கினார், குடிக்கத் தண்ணீர் வாங்கினார். இந்த அம்மாளிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

"நெனப்பிருக்குங்களா?"

"பேரெல்லாந் தெரியாதுங்க. பாத்தாத் தெரியுமான்னு பாக்கலாம்."

அன்று மத்தியானமே உட்கார்ந்தார்கள். திருமூர்த்தி ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். ரத்தினாம்பாள் வாங்கி உள்ளங்கையில் உருட்டினார். அவருக்கு இன்ஜின் தெரியாது. நாட்கள் தெரிந்தன.

"இந்த மூணும் ஒண்ணாக் கழண்டுது. அன்னிக்கு அவரு கட்டை விரலக் கிழிச்சுக்கிட்டாரு. கிளட்சுப் பக்கம்."

"இது வரவே இல்ல. ரெண்டு நாளு எண்ணெய் ஊத்தி வச்சோம். அந்த வாரந்தான் தொட்டியில மோட்டார் போச்சு."

"இந்த வாஷரு ரெண்டையும் சேத்திப் போடாதீங்க. இது மொதல்ல, அது அப்புறம். அன்னிக்கு எங்களுக்குள்ள சண்டை. நீட்டறாரு, நான் வாங்காம நிக்கறேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு அந்த வாஷரை டப்பாவில் போட்டார்.

இருபத்து மூன்று நாள் ஆயிற்று. சில நாள் பத்து உருப்படி. சில நாள் ஒன்றுகூட இல்லை. தெரியாததைத் தெரியும் என்று ரத்தினாம்பாள் ஒருநாளும் சொல்லவில்லை. முப்பத்தோரு டப்பா நிரம்பிப் பலகையில் பழைய வரிசைக்கு வந்தது; தெரியாதவற்றின் இடம் வெறுமையாக நின்றது. மீதியைப் பார்த்து, "இல்லீங்க, இதுக்கு மேல எனக்கு வரல," என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

திருமூர்த்தி சாந்தாமணியை அழைத்து வந்தார். சாந்தாமணி வழக்கம்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார்.

"பதினாறு டப்பா காலிங் அம்மிணி. தாம்பாளத்துல இருக்கறத அளவு பாத்துக் குத்துமதிப்பாப் போட்டுரலாங்களா?"

"வேண்டாமுங்ணா. மூடி போட்டு, அததோட எடத்துல வைங்க."

"காலி டப்பாவையா?"

"காலி டப்பாவத்தான்."

திருமூர்த்தி வைத்தார். பிறகு தாளை எடுத்து இந்த முறை தானே எழுதினார். காணாமல் போனது என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றது. பதினாறு டப்பாவின் வரிசை என்று எழுதினார். காரணம் என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு நேராகத் தன் பெயரை எழுதினார். சாந்தாமணி படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டார். மதிப்பு தொண்ணூறாயிரம்.

ஞாயிற்றுக்கிழமை சாந்தாமணியும் இருக்கும்போது யோகநாதன் வந்தார். தாளைப் படித்தார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தார். காலி டப்பா வந்தபோதெல்லாம் அதை அப்படியே மூடி, இருந்த இடத்தில் வைத்தார்.

"பதினாறுதானுங்களே," என்றார் யோகநாதன் கடைசியில். "எடுத்துக்கறேன்."

சட்டத்தையும் டேங்கையும் சிலிண்டரையும் தாம்பாளத்தில் மீந்ததையும் வேனில் ஏற்றினார்கள். டப்பாக்களை வரிசை மாறாமல் பலகையோடு தூக்கி வைத்தார்கள். ரத்தினாம்பாள் வேன் பக்கத்தில் வந்து நின்றார்.

"வெளக்குப் பிடிக்க வீட்டுல ஆளு இருக்குதுங்களா?"

"வீட்டுக்காரி இருக்காங்க."

"டப்பாவுல இருந்து எடுத்துக் குடுக்கற வேலைய அவங்ககிட்டயே விட்டுருங்க. ஸ்டார்ட் ஆச்சுன்னா எனக்கு ஒரு போன் போடுங்க. பேசவெல்லாம் வேண்டாம். போனை வண்டிகிட்டப் பிடிச்சாப் போதும்."

வேன் தெருமுனை திரும்பும் வரை மூன்று பேரும் நின்றார்கள். பிறகு ரத்தினாம்பாள் உள்ளே போனார்.

சாந்தாமணி ஸ்கூட்டரில் சாவியைப் போட்டார். வளையத்தில் அந்தப் பித்தளை நட்டு ஆடியது. இத்தனை மாதம் அதை ஏதோ அழகுக்கு மாட்டியது என்றுதான் திருமூர்த்தி நினைத்திருந்தார்.

"அம்மிணி, தொடாதீங்கன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

"எனக்குச் சொல்லிக் குடுத்தவரு சொன்னாருங்ணா. நான் கேக்கல."

திருமூர்த்தி நட்டையே பார்த்தார். "அது எந்த வண்டியோடதுங்?"

சாந்தாமணி அதை இரண்டு விரல்களால் பிடித்தார். பிடித்துப் பிடித்து அதன் ஓரங்கள் தேய்ந்திருந்தன.

"வண்டி தெரியுமுங்ணா. அந்த வீடு தெரியும், வண்டிக்காரப் பெரியவர் மொகந் தெரியும். இது எங்க போகும்னுதான் பத்தொம்பது வருசமாத் தெரியல."